செத்துப்போன வெர்லீன்

எல்ராய் டாலிவரின் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. மற்ற இடமெல்லாம் இசைத்தட்டுகள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் பாட்டுகள், ஒன்பதாயிரம். "நான் வேணுமா, தட்டு வேணுமா?" என்று மனைவி கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையே போதும் என்று அவள் அட்லாண்டாவுக்குப் போய்விட்டாள். பதினாறு வருஷம் ஆயிற்று.

ஞாயிறு மதியம் இரண்டு மணிநேரம் மட்டும் அவருக்குப் பேச ஆள் இருந்தது. டெட்ராய்ட்டின் சின்ன வானொலி நிலையம் ஒன்றில் மைக்கின் முன் உட்கார்ந்து, தேடிப்பிடித்த தட்டுகளைப் போடுவார். கடைசிப் பாட்டு எப்போதும் வெர்லீன் பெட்டிஸ் பாடியது. அவள் பாடி வெளிவந்தது அது ஒன்றுதான். "பாவம், சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாங்க" என்று சொல்லித்தான் ஊசியை வைப்பார். எப்போதோ ஒரு தட்டு வியாபாரி சொன்னது.

ஒரு ஞாயிறு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"யோவ், இன்னும் எத்தனை தடவை என்னைக் கொல்லுவே?"

"யாரு பேசறது?"

"செத்துப்போன வெர்லீன்தான். சர்ச்சுல ஒருத்தி என்கிட்டயே வந்து, உங்க பேர்ல ஒரு பாடகி இருந்தாளாமே, பாவம்னு உச்சுக் கொட்டறா."

எல்ராயின் வீட்டிலிருந்து பதினோரு தெரு தள்ளித்தான் வெர்லீனின் வீடு. மறுநாளே எல்ராய் டை கட்டிக்கொண்டு, தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். எழுபத்தேழு வயது வெர்லீன் மூன்று தோழிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். வீடெல்லாம் கெளுத்தி மீன் வறுத்த வாசனை.

"அம்மா, என் வீட்டுக்காரி போன அன்னைக்கு இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் துக்கம் தெரிஞ்சு அழற மாதிரி இருந்துச்சு."

வெர்லீன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். "இதைப் பாடின அன்னைக்கு எனக்குக் கடவாப் பல்லு வலிய்யா. தாடை இப்படி வீங்கிக் கிடந்துச்சு. எப்ப முடியும், டாக்டர்கிட்ட ஓடலாம்னு பாடினேன்."

தோழிகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எல்ராயும் சிரிக்கப் பார்த்தார்.

"அப்புறம் ஏம்மா பாடல?"

"பஸ் ஓட்டப் போயிட்டேன். முப்பத்தோரு வருஷம். எத்தனை சனம், எத்தனை பேச்சு! ஆமா, உனக்குச் சீட்டாடத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"இத்தனை வருஷம் என்னதான்யா பண்ணே?"

எல்ராய் கொடுத்த மீனைத் தின்றுவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு, "வெர்லீன் பெட்டிஸ் உயிரோட இருக்காங்க, நல்லா இருக்காங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று அறிவித்துவிட்டுப் பாட்டைப் போட்டார். பல்வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த அழுகை இனி தனக்கானதல்ல என்று காது சொல்லிக்கொண்டே இருந்தது. அன்று யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை.

வீடு திரும்பும்போது வெர்லீனின் தெருவில் காரை மெதுவாக்கினார். சன்னலில் நாலு தலைகள். யாரோ சீட்டை ஓங்கி மேசையில் அடித்தார்கள், கொல்லென்று சிரிப்பு. கதவைத் தட்ட ஒரு காரணம் தேடினார். பின்னால் ஒரு வண்டி ஒலியெழுப்பியது. எல்ராய் காரை நகர்த்தினார்.