ஓட்டை இல்லாத காளான்

1

காட்டை அறியாதவன் மனிதனை அறியான்.

இப்படித் தொடங்கினால் கதைக்கு ஒரு கனம் வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் இதை எழுதியவன் அருள்புரத்தில், கீழே ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஓடும் கட்டடத்தின் மாடியில் குடியிருப்பவன். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற காடு, காலி சைட்டில் நிற்கும் நாலு வேலிக்கருவை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு மன்னிப்பு மெயிலில். பக்கத்துப் போர்ஷன் இளங்குமரன், பனியன்களில் படம் அச்சடிக்கும் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டு பையர் கேட்பதை இங்கே செய்ய வைத்து, இங்கே செய்ததை அங்கே ஒப்புக்கொள்ள வைப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு வந்தான்.

"ஏனுங்க, நீங்க எழுத்தாளருங்கதானே. பையருக்கு ஒரு மன்னிப்பு மெயில் எழுதிக் குடுங்க. படிச்சா மனசு கரையோணும்."

"என்ன தப்பு?"

"காளான்ல ஓட்டை இல்லீங்க."

பல வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு முதல் வரி எனக்குத் தோன்றியதில்லை. மெயிலை ஓரமாக வைத்துவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டேன்.

2

(இங்கே ஒரு கட்டுரைப் பத்தி வருகிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். போனால் கதை புரியாது, அவ்வளவுதான்.)

நாம் சில்லி மஷ்ரூம் என்று சாப்பிடும் காளானின் குடையைத் திருப்பினால், புத்தகத்தைப் பிரித்துவைத்ததுபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். போலீட் என்று வேறொரு வகை உண்டு. காட்டில் மரங்களின் வேரோடு கூட்டுச் சேர்ந்து முளைப்பது. தடித்த கால், பன் போல ஊதிய தலை. திருப்பினால் மடிப்பு இருக்காது. ஸ்பாஞ்ச் மாதிரி பொடிப்பொடியாய் ஓட்டை. இதிலேயே இனங்கள் பல. ஒன்று கையில் வழுக்கும். ஒன்றின் தலைத்தோல் வெடித்து உள்ளே சிவப்பு தெரியும். ஒன்றை அறுத்தால் அறுத்த இடம் நீலமாகிவிடும். இவற்றையெல்லாம் வரைந்தனுப்பிக் குழந்தைகள் டி-சர்ட்டில் அச்சடிக்கச் சொல்லியிருந்தார் பையர்.

இனி அச்சு. சன்னமான வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக்கட்டினால் அது ஸ்கிரீன். அதில் மருந்து பூசி, படத்தின் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், படம் இருக்குமிடம் மட்டும் திறந்துகொள்ளும். அந்த வழியாகச் சாயம் இறங்கும். தூசி விழுந்த இடங்களில் வேண்டாத பொடி ஓட்டைகளும் விழும். பின்ஹோல் என்பார்கள். அவற்றைத் தேடிப்பிடித்து, தூரிகையால் மருந்து தொட்டு அடைப்பது டச்-அப் வேலை.

போலீட்டுக்கு ஓட்டைதான் அடையாளம். டச்-அப்புக்கு ஓட்டைதான் எதிரி. பழுப்பு நிறத்துக்கான ஸ்கிரீனில் காளான் குடைக்கு அடியில் கும்பலாக ஓட்டைகளைக் கண்ட டச்-அப்காரர் ராமுத்தாய், ஒன்று விடாமல் அடைத்துவிட்டார்.

(ஃபிலிமோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாதா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். பார்த்திருக்கிறார். ஃபிலிமிலும் புள்ளி இருந்தது. ஃபிலிமிலேயே தூசி என்று முடிவுகட்டிவிட்டார்.)

3

ராமுத்தாயை முதலில் இப்படி எழுதினேன்:

மலையடிவாரத்தில் பிறந்த அவளுக்கு ஒவ்வொரு காளானும் பேர் சொல்லி அழைத்த

இத்தோடு நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய அந்த யூனிட்டின் ஸ்கிரீன் ரூமில் நேரில் பார்த்தபின் தொடர முடியவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கண்ணாடி மேஜைக்கு அடியில் ட்யூப்லைட் எரிய, ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கிரீனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காளான் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியுமாக்கா?" என் குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"எனக்குக் காளானே ஆகாது அண்ணாச்சி. வழவழன்னு கெடக்கும். எம்மவ ஜோதிகாதான் திம்பா."

"அப்ப இந்தப் படத்தை என்னன்னு நினைச்சீங்க?"

"பன்னுன்னு நெனச்சேன். பன்னுல எதுக்கு அம்புட்டு ஓட்டை? நாலு பன்னையும் சுத்தமா அடைச்சுக் குடுத்தேன்."

அவரே சிரித்தார். பிறகு தூரிகையைக் கீழே வைத்தார்.

"என்னைய நிப்பாட்டிருவாகளோ?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"வேற யூனிட்ல சேந்தாலும் பீஸ் எடுத்துப் போடுத வேலதான் குடுப்பாக. நாளெல்லாம் நிக்கணும். காலு சாயங்காலமானா தூண் மாதிரி வீங்குது. இது உக்காந்து பாக்குத வேல, பாத்துக்கிடுங்க. கேட்டுக் கேட்டு இப்பத்தான் கெடைச்சுது."

4

இளங்குமரனை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். ராமுத்தாய்க்காக முதலாளியிடம் பேசி அந்த ஸ்டூல் வேலையை வாங்கிக்கொடுத்ததே அவன்தான் என்று தெரிந்தது. வில்லன் கைநழுவிப் போனான்.

பேக்கரியில் டீ குடிக்கும்போது கேட்டேன். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்த்து ஓகே சொல்வார்களே, அந்தத் துண்டைப் பார்த்தது யார்?

"நாந்தானுங்க. க்ளீனா இருக்குதுன்னு அந்தக்காவைப் பாராட்டிப்போட்டுத்தான் ஓகே பண்ணுனேன். போட்டோ அனுப்புனேன், பையர் ஆபீசுலயும் ஓகேன்னு கட்டைவிரலைக் காட்டுனாங்க."

"அப்புறம் யார் கண்டுபிடிச்சது?"

"பையரம்மாவோட மாமியாருங்க. அவிங்க ஊர்ல கூடையெடுத்துட்டு காளான் பொறுக்கப் போறவங்களாம். சேம்பிள் பீஸைப் பாத்துட்டு, இது எந்த ஊர் போலீட்டுன்னு கேட்டாங்களாமா."

"நீங்க ஓகே சொன்னது முதலாளிக்குத் தெரியுமா?"

டீ கிளாஸைச் சுற்றினான். "மெயில்ல 'ஆபரேட்டர் மிஸ்டேக்'னு ஒரு வரி போட்டாப் போதுமுங்க. ஆபரேட்டர்னா பேர் இல்லீங்கல்ல."

"பேர் இருக்கு. கால் வீக்கமும் இருக்கு" என்றேன்.

(இந்த வசனத்தை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும்போது தோன்றியது. பேக்கரியில் சொன்னது "ம்".)

ஆனால் நான் எழுதிக் கொடுத்த மெயிலில் அந்த வரியைப் போடவில்லை. இளங்குமரன் இரண்டு முறை படித்துவிட்டு லேப்டாப்பை மூடினான்.

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ. முதலாளி சென்னிமலை மனம் இளகி, "தப்பு பண்ணாத மனுசன் யாரு" என்கிறார். (அவரைச் சந்தித்தவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.)

ஆ. ஓட்டையில்லாத போலீட்டைப் புது இனம் என்று பையர் அறிவித்து, இன்னும் ஆயிரம் பீஸ் ஆர்டர்

வேண்டாம்.

இ. ராமுத்தாய் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். மழை. காலி சைட்டில், வேலிக்கருவைக்கு அடியில், ஒற்றைக் காளான் தலைதூக்குகிறது. இதை எழுதினால் விருதுக்குழுவில் ஒருவராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார். மறுநாள் காலை ராமுத்தாய் வேறெங்கோ நின்றுகொண்டிருப்பார்.

6

திங்கட்கிழமை நடந்தது இவ்வளவுதான்.

சென்னிமலையின் அறைக்கு வெளியே சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் புல். அதன் நடுவே "இயற்கையே எங்கள் மூச்சு" என்று எழுதி, மூச்சுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. அதற்குக் கீழே பெஞ்சில் ராமுத்தாயும், துணைக்கு வந்த நானும். கதவு சாத்துவதற்குள் சென்னிமலையின் குரல் மட்டும் வெளியே வந்தது.

"ஏனப்பா, ஓட்டையை அடைச்சது யாரு? அந்தாளை இன்னைக்கே நிறுத்திப்போடு."

இளங்குமரன் உள்ளே போகும்போது, அவன் ஓகே சொன்ன அந்தத் துண்டுத் துணி பேன்ட் பாக்கெட்டிலிருந்து நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கொண்டுபோயிருக்கிறான். எடுப்பானா என்பது வேறு கேள்வி.

கதவில் மங்கலான கண்ணாடி. பேச்சு கேட்கவில்லை, உருவம் மட்டும் தெரிந்தது. இளங்குமரனின் வலது கை மெல்ல மேலே எழுந்தது. தன் நெஞ்சைத் தொடப்போகிறதா, ஸ்கிரீன் ரூம் பக்கம் நீளப்போகிறதா தெரியவில்லை.

அந்தக் கையை அந்தரத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். நீங்கள் கொண்டுபோய்ச் சேருங்கள். எந்தப் பக்கம் கொண்டுபோனாலும், பெஞ்சில் ராமுத்தாய் நீட்டிவைத்த அந்தக் காலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராமுத்தாய் பார்க்கவில்லை. அவர் பார்வை என்மேல் இருந்தது.

"என்னக்கா, அங்க பாக்கலையா?"

"அது பாத்தாலும் தெரியாது அண்ணாச்சி. இது தெரியுது. உங்க டி-சர்ட்டுல அக்குள்கிட்ட ஓட்டை இருக்கு."

கையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு இருந்தன.