இரும்புக்கால் டினேஷ்

கோடைகாலத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆனால் பெனடிக்றுக்கு நிம்மதி போய்விடும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள கல்லூரிகளின் பழைய மாணவர்கள் வாரம் தவறாமல் லண்டனில் ஸ்ட்ரெதத்துக்குப் பக்கத்து மைதானம் ஒன்றில் கூடி உதைபந்தாடுவார்கள். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கல்லூரிகளின் வாசலைக்கூடக் கண்டதில்லை. தகப்பன் படித்திருந்தால் போதும், மகனுக்கு ஜேர்சி கிடைத்துவிடும். ஆட்டங்கள் முடிந்ததும் 'இந்த வாரம் ஜொலித்த அணிகளும் வீரர்களும்' என்று பழைய மாணவர் சங்கங்களின் பொது முகநூல் பக்கத்தில் எழுதுவது பெனடிக்றின் பொறுப்பு. சுப்பர்மார்க்கெற்றில் ஷிப்ட் பார்க்கிற மனிதருக்கு இந்த எழுத்துத்தான் ஊர் மரியாதையைத் தேடித் தந்தது, வசையையும் தேடித் தந்தது.

யாரைப் புகழ்ந்தாலும் இன்னொருவருக்கு வயிறு எரியும். ஒரு முறை ஒரு பொடியனுக்கு 'அபாரமாக ஆடினார்' என்றும் இன்னொருவனுக்கு 'நன்றாக ஆடினார்' என்றும் போட்டுவிட்டார். இரண்டாவது பொடியனின் தாய் கோயிலில் பெனடிக்றின் மனைவி பெர்னடெற்றைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அதனால் பெனடிக்ற் எல்லாருக்கும் தாராளமாக அள்ளிப் போடப் பழகிவிட்டார். அவருடைய தமிழில் ஒருவரும் சும்மா ஓடமாட்டார்கள், புயலாகப் பாய்வார்கள். கோல் கீப்பர் பந்தைப் பிடிக்கமாட்டார், கோட்டையைக் காப்பார். ஐம்பது வயதுத் தொந்தியோடு பத்து நிமிடம் மூச்சிரைத்தவர்கூட அவர் கையில் வேங்கையாகிவிடுவார்.

அந்த ஞாயிறு அரையிறுதி ஆட்டங்கள். பெனடிக்ற் படித்த சென்ற் கிளமென்ற்ஸ் தட்டுத்தடுமாறி வென்றது. மன்னார்க்காரரின் சென்ற் றெமீஜியஸ் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை டினேஷ் என்ற பொடியன் ஒருவனாக நின்று திருப்பினான். பாதி ஆட்டம் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினான். இடது காலில் வந்த பந்தை அப்படியே நிறுத்தி, இரண்டு பேரைக் கடந்து, கீப்பர் குந்துவதற்கு முதல் கோல் போட்டான். பிறகு இன்னொன்று. விசில் ஊதியதும் இரண்டு பேர் தோளில் தாங்கி அவனைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனதையும், அவன் புல்லில் சாய்ந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்ததையும் பெனடிக்ற் கண்டார். கண்டும் அது அவர் மனதில் நிற்கவில்லை. கோல்கள்தான் நின்றன.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, கனகலிங்கம் போனில் அழைத்தார். கிளமென்ற்ஸ் பழைய மாணவர் சங்கத் தலைவர், அணியின் முகாமையாளர், பெனடிக்றோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். ஒரே மாரிகாலத்தில் லண்டன் வந்து, குரோய்டனில் ஒரே வரிசையில் குளிரில் விறைத்து நின்று அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் இருவரும். இப்போது கனகலிங்கம் அகதி வழக்குப் பார்க்கிற சொலிசிற்றர்மாரிடம் மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறார். ஆட்களுக்கு உதவுகிறவர் என்று பெயரும் இருக்கிறது.

"மச்சான், இந்த முறை சிறந்த வீரர் அந்த டினேஷ்தான், என்ன?" என்றார் கனகலிங்கம்.

பெனடிக்றுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. சொந்தக் கல்லூரிக்காரன், அதுவும் அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டத்தில் மோதப்போகிற எதிரணிப் பொடியனுக்காகப் பரிந்து பேசுவதா?

"நானும் அவனைத்தான் நினைச்சனான். உனக்குக் கோவம் வருமோ எண்டு யோசிச்சன்."

"சீ, விளையாட்டெண்டால் விளையாட்டு. நல்லா, வடிவா எழுது. முழுப்பேரும் போடு. ஆட்டம் முழுக்க நிக்காமல் ஓடினான் எண்டு எழுது. நான் ஒரு படம் அனுப்பிறன், அதைப் போடு."

"பாதியிலைதானே இறங்கினவன்?"

"உன்ரை எழுத்திலை அதெல்லாம் ஒரு கணக்கே?" என்று கனகலிங்கம் சிரித்தார்.

பெனடிக்றும் சிரித்தார். போனை வைத்துவிட்டு மனைவியிடம் பெருமையடித்தார். "பாத்தியே, கிளமென்ற்ஸ் எண்டால் கிளமென்ற்ஸ்தான். எதிரியை மதிக்கப் படிப்பிச்ச கொலிஜ்."

பெர்னடெற் கோழிக்குத் தூள் பிரட்டிக்கொண்டிருந்தாள். "கனகலிங்கமோ? அந்தாள் தன்ரை பிறந்தநாளுக்குக்கூட மற்றவனைக் கேக் வெட்ட விடாது. ஏனாம் திடீரெண்டு?" என்றாள்.

பெனடிக்ற் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார். 'றெமீஜியஸின் இரும்புக்கால்' என்று தலைப்பு. ஆட்டம் முழுவதும் களைப்பென்பதே அறியாமல் ஓடிய கால்கள், வலி என்றால் என்னவென்று கேட்கும் கால்கள் என்று பொழிந்து தள்ளினார். கனகலிங்கம் அனுப்பிய படத்தில் டினேஷ் அந்தரத்தில் இடது காலை வீசிப் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். கீழே முழுப்பெயர். இரவுச் சாப்பாட்டுக்கு முதலே விருப்பங்கள் குவிந்தன. முதல் தடவையாக ஒருவரும் திட்டவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் தேநீர் இடைவேளையில் கனகலிங்கம் மறுபடி அழைத்தார்.

"இரும்புக்கால்! எங்கையடா பிடிக்கிறாய் உந்தச் சொல்லுகளை? அருமை. பொடியன் இனி பைனலுக்கு வரமாட்டான்."

"ஏன் வரமாட்டான்?"

"அவன்ரை அகதிக் கேஸ் உனக்குத் தெரியாதே? ஊரிலை ஆமி தடுப்பிலை வைச்சு இடது முழங்காலை உடைச்சவங்கள், கன நேரம் நடக்கக்கூட ஏலாது எண்டு டொக்டரின்ரை ரிப்போட். பைனல் முடிஞ்ச அடுத்த கிழமை அப்பீல். இப்ப நீ எழுதினதை ஆரும் குரோய்டனிலை இருக்கிற குடிவரவுக் கந்தோருக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? தமிழெண்டால் என்ன, மொழிபெயர்க்க நான் இருக்கிறன்தானே." சொல்லிவிட்டு, நல்ல பகிடி சொன்னவர் மாதிரிச் சிரித்தார்.

பெனடிக்றுக்குக் கையில் இருந்த தேநீர் கசந்தது.

"உனக்கெப்பிடி அவன்ரை கேஸ் தெரியும்?"

"சொலிசிற்றரிட்டை அவனுக்கு மொழிபெயர்த்தது ஆர்? நான்தானே."

"அந்தப் பொடியன் உன்னை நம்பி வாய் திறந்ததையோடா பந்து விளையாட்டுக்கு எடுக்கிறாய்?"

"நான் அனுப்பப்போறன் எண்டே சொன்னனான்? சீ! காட்டிக்குடுக்கிற ஆக்களே நாங்கள்? அவனுக்குக் காட்டினால் காணும், பயந்து நிண்டிடுவான். ஒருத்தருக்கும் நட்டமில்லை. கப் எடுத்து எவ்வளவு காலமடா, யோசிச்சுப் பார்."

"நீயும் நானும் அதே குரோய்டனிலை நிண்டனாங்கள்."

"அது அந்தக் காலம். நாங்கள் பொய் சொல்லேல்லை."

"நீ சொன்ன கதை எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ?"

 அதற்குக் கனகலிங்கம் மிகவும் அன்பாகச் சொன்னார். "நீ அழிக்கிறதெண்டால் அழி மச்சான். எங்களிட்டை ஸ்கிரீன்ஷொட் இருக்கு."

பெனடிக்ற் அந்த இடத்திலேயே பதிவை அழித்தார். பிறகு கழுவுமிடத்துக்குப் போய்த் துப்பினார். துப்பத் துப்ப வாயில் ஊறியது. இத்தனை வருடம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் முன்னால் நின்று, மேடையில் தோளில் கைபோட்டுக் கல்லூரிக் கீதம் பாடிய மனிதன் இவன்தானா என்று எண்ணும்போது உடம்பு கூசியது. அதைவிடத் தன் மேல்தான் அருவருப்பாக இருந்தது. முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு துடித்தவனைக் கண்ணால் கண்டவர் அவர். ஒரு மணித்தியாலம்கூட ஆடாதவன், அதற்கே தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தவன், அவனுக்குத்தான் இரும்புக்கால் என்று பட்டம் கட்டினார். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் டொக்டர் சொன்னதும் பெனடிக்ற் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பெர்னடெற்றிடம் சொன்னபோது அவள் தலையில் கைவைத்தாள். "சீக், மனுசரே இதுகள்? நிக்காதேங்கோ. இண்டைக்கே போய் அந்தப் பிள்ளைக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஆர் செய்தது எண்டதையும் சொல்லுங்கோ."

பெனடிக்ற் ட்ராம் பிடித்துப் போனார். டினேஷ் குரோய்டனுக்கு அங்காலே, நாலைந்து பேர் சேர்ந்திருக்கிற வீடொன்றில் ஓர் அறையில் இருந்தான். கதவைத் திறக்கவே நேரம் எடுத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவனின் இடது முழங்கால் வீங்கியிருந்தது. பெனடிக்றைக் கண்டதும் அவன் முகம் இறுகியது. உள்ளே வரச் சொல்லவில்லை.

"தம்பி, நான் எழுதினதைப் பற்றி…"

"தெரியும் அண்ணை. கனகலிங்கம் அண்ணை மத்தியானமே வந்து எல்லாம் சொல்லிட்டார். நீங்கள் ஆரையும் கேளாமல் படத்தையும் போட்டு, முழுப்பேரையும் போட்டு, ஆட்டம் முழுக்க ஓடினான் எண்டும் எழுதிப்போட்டியளாம். அவர்தான் சண்டை பிடிச்சு அழிக்கப் பண்ணினவராம். பைனலுக்கு வரவேண்டாம், வந்தால் ஆரும் படமெடுத்துப் போடுவாங்கள் எண்டும் சொன்னார்." அவனுடைய குரல் நடுங்கியது. "நான் உங்களுக்கு என்ன அண்ணை செய்தனான்? ஊசி போட்டு, மாத்திரை விழுங்கித்தான் கொஞ்ச நேரம் இறங்கிறனான். அந்தக் கொஞ்ச நேரத்திலைதான் மனுசன் மாதிரி இருக்கு. அதையும் கெடுத்துப்போட்டியள்."

பெனடிக்றின் வாய் திறந்தது. கனகலிங்கத்தின் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அவர் இல்லாட்டி நான் துலைஞ்சன்," என்றான் டினேஷ். "அப்பீலுக்கும் அவர்தான் வந்து எனக்காகச் சாட்சி சொல்லுறார். வேறை ஆர் இருக்கினம் எனக்கு?"

வந்த வார்த்தை அப்படியே நின்றது. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பொடியன் இளந்தாரி, இன்றைக்கே போய்க் கனகலிங்கத்தின் சட்டையைப் பிடிப்பான். சாட்சி போய்விடும். அந்த ஸ்கிரீன்ஷொட் மட்டும் கனகலிங்கத்தின் கையில் இருக்கும். அந்தாளுக்கு அவமானம் வந்தால் எதுவும் செய்யும் என்பது பெனடிக்றுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"நான் செய்தது பிழைதான் தம்பி. மன்னிச்சுக்கொள்ளும்," என்று மட்டும் சொன்னார். அதில் பொய் இல்லை. ஆனாலும் மலத்தை மிதித்த சப்பாத்தோடு நடக்கிறவர் மாதிரித்தான் ட்ராம் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

"சொன்னீங்களோ?" என்று பெர்னடெற் கேட்டாள்.

"அப்பீல் முடியட்டும். அதுமட்டும் பொறு. அவன் என்னை எவ்வளவும் திட்டட்டும்."

"அந்த நாய் நல்லவனாத் திரியட்டுமோ?"

"திரியட்டும்," என்றார் பெனடிக்ற். அதைச் சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் றெமீஜியஸ் தலையில்லாத உடம்பாகத் தடுமாறியது. கிளமென்ற்ஸ் இலகுவாக வென்றது. பரிசளிப்புக்கு மைக் பிடிப்பது பெனடிக்றின் வழக்கம். முதலில் மாட்டேன் என்றுதான் இருந்தார். மறுத்தால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், கேள்வி சுற்றிச் சுற்றி டினேஷில் போய் நிற்கும் என்று போய் நின்றார். கிளமென்ற்ஸ்காரர் வளைந்து நின்று கல்லூரிக் கீதம் பாடினார்கள். ஒழுக்கம், உண்மை, உயர்வு என்று வருகிற வரியில் கனகலிங்கம் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பெனடிக்ற் அந்த வரியைப் பாடவில்லை.

பிறகு கனகலிங்கம் மைக்கை வாங்கினார். "கிளமென்ற்ஸ் சங்கத்தின்ரை சார்பிலை ஒரு விசேஷ பரிசு. இந்தப் பருவத்தின் சிறந்த வீரர், எங்கடை எதிரணியிலை இருந்து, தம்பி டினேஷ்! ஒருத்தரும் படம் எடுக்கவேண்டாம். பொடியனுக்கு ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு. எல்லாரும் போனைக் கீழை வையுங்கோ."

போன்கள் கீழே போயின. "என்ன மனுசனப்பா," என்று யாரோ பின்னால் சொன்னார்கள். கைதட்டல் ஓயவில்லை. கனகலிங்கம்தான் தன் காரில் ஏற்றி வந்திருக்கவேண்டும், கூட்டத்தின் ஓரத்திலிருந்து டினேஷ் நொண்டி நொண்டி வந்தான். கேடயத்தைக் கொடுத்த கனகலிங்கம் அவனை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். பொடியன் அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதான். "அண்ணை, இதை மறக்கமாட்டன்," என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்க அது கேட்டது.

மேடையில் நின்ற எல்லாருக்கும் அவன் கைகொடுத்துக்கொண்டு வந்தான். பெனடிக்றும் கையை நீட்டினார். டினேஷ் அந்தக் கையைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் நின்றவருக்குக் கைகொடுத்தான்.

"இனி என்ரை பேரை நீங்கள் எழுதக்கூடாது," என்றான் மெதுவாக.

"ஓம் தம்பி," என்றார் பெனடிக்ற்.

அவன் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கனகலிங்கம் மைக்கைத் திருப்பி அவர் கையில் வைத்து, தோளில் தட்டினார். கொடுக்கவேண்டிய பரிசு இன்னும் ஒன்று இருந்தது. பெனடிக்ற் அறிவித்தார்.

"இந்தப் பருவத்தின் சிறந்த முகாமையாளர், சென்ற் கிளமென்ற்ஸ் கல்லூரி, கனகலிங்கம்."