பதினேழு வெட்டு

அவளுக்கு வைத்த பெயர் வேறு. பட்டம் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் டிகிரிதான். “டிகிரி, தண்ணி பிடிச்சியா?” “டிகிரி, விளக்க அணைச்சிட்டுப் படு.” அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற பெருமையும், மிதித்து என்னத்தைக் கிழித்தாள் என்ற நக்கலும் அந்த ஒரு சொல்லுக்குள் குடித்தனம் நடத்தின.

டிகிரிக்கு வேண்டியது நான்கு வரி. ஒரு தொடர் நாடகத்தின் தொடக்கப் பாட்டில், கும்பலாகப் பாடுகிறவர்களுக்கு நடுவே தனிக்குரலில் வரும் நான்கே வரி. மெட்டை மாதிரிக்குத் தானே பாடி அனுப்பி, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார் இசையமைப்பாளர். அவள் அனுப்பினாள். ஒரே வரியில் பதில் வந்தது: “குரல் இருக்கு, ஆனா அழுக்கா இருக்கு. ஈக்வலைசர் போட்டு க்ளீன் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு.”

டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடமாக ஊரான் படுத்த விரிப்பை வெளுக்கிறவள். அழுக்கு எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான்கு வரி வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

ஈக்வலைசர் என்பது குரலைக் கூறு போடும் கருவி. அடித்தொண்டைக் கனத்திலிருந்து உச்சிக் கிறீச்சு வரை ஒவ்வொரு பட்டையையும் தனியாக ஏற்றலாம், இறக்கலாம். யூடியூப் வீடியோவில் வந்த தொப்பிக்காரன் வழி சொன்னான்: ஒரு பட்டையைக் குறுக்கி, உச்சத்துக்கு ஏற்று. அப்படியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்ல நகர்த்து. எங்கே காது கூசுகிறதோ, அங்கே அந்தப் பட்டையை இறக்கி வெட்டு.

முதலில் மறுபடி பாடிப் பதிய வேண்டும். பதிவுக்கூடம் அண்ணியின் துணி அலமாரி. துணி எதிரொலியை விழுங்கும் என்று தலையையும் மைக்கையும் சேர்த்து உள்ளே நுழைத்துக்கொண்டாள். உள்ளே பூச்சி உருண்டை நாற்றம், அண்ணனின் துவைக்காத காலுறை நாற்றம். மூன்றாவது வரியில் மூச்சை வாயால் இழுத்துக்கொண்டாள்.

“கச்சேரி எப்ப முடியும்? எனக்குத் துண்டு எடுக்கணும்” என்றாள் வெளியே அண்ணி.

“அஞ்சு நிமிசம் அண்ணி.”

“இப்படித்தான் அரை மணி நேரமா சொல்ற. அலமாரிக்குள்ள குடும்பமே நடத்திடுவ போல.”

ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் உண்மையான அருவருப்பு தொடங்கியது. உதடு பிரியும்போது எச்சில் நூலறுகிற சத்தம். மூக்குக்குள் காற்று உரசும் சத்தம். இதையெல்லாம் வைத்துக்கொண்டா இத்தனை வருடம் மனிதர்கள் முன்னால் பாடினோம்? பட்டையை ஏற்றினாள். இருநூறு ஹெர்ட்ஸ் பட்டையில் பானைக்குள் யாரோ முனகினார்கள். வெட்டினாள். எண்ணூறில் தகர டப்பா. வெட்டினாள். மூவாயிரத்தில், இயந்திரத்தின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்திப் பழகிய அம்மாவின் தொண்டை அப்படியே வந்து நின்றது. டிகிரிக்கு உடம்பு கூசியது. அதை ஆழமாக வெட்டினாள். எங்கே நகர்த்தினாலும் ஏதோ ஓர் அசிங்கம் பல்லைக் காட்டியது. மூன்று நாளில் பதினேழு வெட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்து காலை நீட்டியபோது போட்டுக் காட்டினாள்.

“நல்லாத்தான் இருக்கு. யாருடி இந்தப் பொண்ணு?”

“நான்தாம்மா.”

“போடி. உன் தொண்டை எனக்குத் தெரியாதா? இது காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு, பாவம்.”

டிகிரி அதை அப்படியே அனுப்பிவிட்டாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: “இதுதான் குரல். திங்கள் காலைல பத்து மணிக்கு ஸ்டூடியோவுக்கு வந்துடு.” இடம் கிடைத்த சந்தோஷம் வர வேண்டிய இடத்தில், வாயில் ஈ போனதுபோல் இருந்தது.

திங்கள்கிழமை அவளைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தினார்கள். மாட்டச் சொன்ன ஹெட்போனின் பஞ்சில் யாருடைய வியர்வையோ ஈரமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர், ஒலிப்பதிவு செய்யும் பெண், பெஞ்சில் கும்பல்பாட்டுக்காரிகள் நான்கு பேர். டிகிரி பாடினாள். இரண்டாவது வரியிலேயே அவர் கையைத் தூக்கினார்.

“நிறுத்து. நீ அனுப்புனது யாரு பாடுனது?”

“நான்தான் சார்.”

“அப்ப இது யாரு?”

பெஞ்சில் சிரிப்பு. வெளியே வரச் சொன்னார். ஒலிப்பதிவுப் பெண்ணை நகரச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து, இப்போது பாடிய இரண்டு வரியைப் போட்டார். டிகிரிக்குப் பழக்கமான அதே வேலை. பட்டையைக் குறுக்கி, உச்சத்துக்கு ஏற்றி, நகர்த்தினார்.

“கேளுங்க, வாத்து.” சிரிப்பு. “இங்க தகரம். இங்க பாருங்க, சந்தையில மீன்காரி கூவுறா.” ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

டிகிரிக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கை வாத்தை விட்டு நகர்ந்ததும் வாத்து காணாமல் போனது. கை நின்ற இடத்தில் தகரம் முளைத்தது. அசிங்கம் அவள் குரலில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் கை போன இடமெல்லாம் கூடவே போனது. மூன்று நாளாக அவளும் இதைத்தான் செய்திருந்தாள், மடச்சி.

“சார், மாதிரிக்கு நீங்க பாடி வச்சிருக்கீங்கல்ல? அதையும் இப்படி ஏத்திப் பாருங்க.”

“என்னது?”

“உங்க குரல சார். இதே மாதிரி.”

ஒலிப்பதிவுப் பெண் அனுமதி கேட்கவில்லை. கையை நீட்டி அவருடைய பதிவைத் திறந்தாள். அதே பட்டை, அதே உயரம். எண்ணெய் காணாத இரும்புக் கதவு ஒன்று இசையமைப்பாளரின் பாட்டைப் பாடியது. கொஞ்சம் நகர்த்தினாள். சளி பிடித்த ஆடு பாடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டவள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாய் ஜாஸ்தி உனக்கு” என்றார் அவர்.

“யாரை ஏத்தினாலும் இப்படித்தான் சார் இருக்கும்” என்றாள் ஒலிப்பதிவுப் பெண். “தனியா நோண்டுனா ஒண்ணும் தெரியாது. பாட்டோட சேத்துக் கேளுங்க.” டிகிரியின் பதிவில் ஏற்றியிருந்த பட்டை எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்கினாள். மைக் தாங்கி அதிர்ந்த அடி இரைச்சலை மட்டும் வெட்டினாள். மேளம், கம்பி வாத்தியம், கும்பல் குரல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, டிகிரியின் இரண்டு வரியை உள்ளே விட்டாள். அத்தனை சத்தத்துக்கும் நடுவே ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுந்தது. அடுத்து, டிகிரி வெள்ளிக்கிழமை அனுப்பியதைப் போட்டாள். மேளம் தொடங்கியதும் அது தண்ணீரில் விழுந்த காகிதம்போல் ஊறி, இருந்த இடம் தெரியாமல் போனது.

அவர் தாடையைச் சொறிந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“போய் நில்லு. நாலு வரியும் எடுத்துருவோம்.”

மன்னிப்பு கேட்கிற ஜாதியில்லை அவர். டிகிரியும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஈரப் பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்டு பாடினாள். மூன்றாவது முறை எடுத்ததை வைத்துக்கொண்டார்கள்.

முழுப்பாட்டையும் ஒலிபெருக்கியில் ஓடவிட்டபோது, தன் குரல் வந்த இடத்தில் டிகிரிக்கு முகம் சுளித்தது. மூக்கில் பாடுகிற, காதைக் குடைகிற குரல். இப்போதும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. இசையமைப்பாளர் அவள் சுளிப்பைப் பார்த்துவிட்டார். விரல் குமிழுக்குப் போனது.

“மூவாயிரத்துல கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா? உனக்கே கூசுதுல்ல?”

“கூசுது சார்” என்றாள் டிகிரி. “கைய எடுங்க.”