ஆயிரத்து நாற்பது

அடர்த்தி காட்டும் நீரமானி மூன்றாம் நாளும் ஆயிரத்து நாற்பதிலேயே நின்றது. அற்புதராணி குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி மறுபடி பார்த்தாள். முந்திரிகைச் சாற்றின் சீனி மதுவாக மாற மாற எண் இறங்கவேண்டும். கல்லூரி ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு அளவு பிழைக்காது. நொதிப்பு குளிரில் நின்றுவிட்டதா, புளித்துக் காடியாகிறதா என்பதுதான் தெரியவில்லை. அதற்கு மூக்கு வேண்டும். கொரோனாவோடு போன மணமும் ருசியும் அவளுக்குத் திரும்பவேயில்லை.

தெல்லிப்பழையிலிருந்து தம்பி கொடுத்துவிட்ட இருபது கிலோ திராட்சைப் பழம். தையில் மகள் மிரியத்தின் கலியாணத்துக்கு வீட்டு வைன்தான் வேண்டுமென்று அவள் கேட்டிருந்தாள். குடியை விட்டு ஏழு வருடமாக ஒரு சொட்டும் தொடாத ஜெபரட்ணமே, "பிள்ளை ஆசைப்படுறாள், செய்யும்" என்று மனைவியிடம் சொன்னார். அன்றிலிருந்து அவர் குசினிக்குள், அடுப்படிப் பக்கம், வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அன்று மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, பழுதாப் போச்சோ?"

"தெரியேல்லை. பக்கத்து வீட்டு றஜிதா வரட்டும், மணந்து சொல்லுவாள்."

"அவள் சாவகச்சேரிக்குப் போயிட்டாள். தாரும் இஞ்சை."

அவள் குழாயைக் கொடுக்கவில்லை. அவரும் நீட்டிய கையை எடுக்கவில்லை. பிறகு கொடுத்தாள்.

அவர் கண்ணை மூடி மணந்தார். தேவைக்கு மேல் நேரம் எடுத்ததாக அவளுக்குப் பட்டது.

"காடி மணம் இல்லை. ஆனா நாக்கிலை வைச்சாத்தான் நிச்சயம்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீர் சொன்னா வைக்கிறன்."

அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். கலியாணத்துக்கு வைனைக் கடையிலும் வாங்கலாம்.

"ஒரு சொட்டு," என்றாள்.

விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். "இனிப்பு நிக்குது. புளி இல்லை. குளிர்தான்." சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நான்கு தரம் வாய் கொப்பளித்தார். அவள் யன்னலால் எண்ணிக்கொண்டு நின்றாள்.

சாடியைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் வைத்தாள். அதற்கு மூன்றாம் நாள் எண் ஆயிரத்து இருபத்தெட்டு.

"இறங்கீட்டுது," என்றாள்.

"நல்லது." பேப்பரை மடித்தார். "இனி எப்ப பாப்பீர்?"

"வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை, அவள் சாடித் துணியின் முடிச்சை அவிழ்க்க முன்னமே, முகம் கழுவித் தலைவாரி, குசினி வாசலில் வந்து நின்றார் ஜெபரட்ணம்.