கீழ்வீட்டு வால்வு

தி.நகர் கடையில் விற்பனை ஆள் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிச் சுருட்டி க்ளோசெட்டுக்குள் போட்டான். பொத்தானை அழுத்தினான். அது விழுங்குவதை வித்தை காட்டுகிறவன் மாதிரி காட்டினான். சின்னப் பொத்தானுக்கு மூன்று லிட்டர், பெரிய பொத்தானுக்கு நாலரை லிட்டர்தானாம். பழையது ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் குடித்ததாம். கூட வந்திருந்த சுப்பராமன் கைதட்டாத குறை. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் அவர்தான். போர்வெல் வற்றி, வாரத்துக்கு மூன்று லாரி தண்ணீர் இறக்கிச் சலித்துப்போய், நாலு வீட்டுக்கும் புதுசு மாற்றிவிடலாம் என்று கிளப்பிவிட்டவரும் அவரே.

வெள்ளைத்துரை அசையவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு போயிற்று, ஆனால் முப்பத்துநாலு வருஷம் பைப் கடையில் நின்ற மனுஷர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு க்ளோசெட்டின் தொண்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தடவினார். உள்வளைவு வழவழவென்று இருந்தது. கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"குழியக் காலி பண்ணுது, சரி. அதுக்கப்புறம் எம்புட்டுத் தூரம் தள்ளும்?"

விற்பனை ஆள் பத்து வருஷ வாரண்டியைப் பற்றிச் சொன்னான்.

"வாரண்டி தள்ளுமாவே?"

கேட்பதற்குக் காரணம் இருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தக் கட்டடம் ஒன்றின்மேல் ஒன்றாக நாலு வீடு. கீழ்வீடு வெள்ளைத்துரையுடையது. மேலே மூன்று வீட்டிலிருந்து இறங்குவதெல்லாம் அவருடைய கழிவறைத் தரைக்கு அடியில் வந்து திரும்பி, ஹாலுக்குக் கீழே நாற்பது அடி ஓடி, வாசல் கேட் பக்கத்துச் சேம்பர் தொட்டியில் விழ வேண்டும். அந்த நாற்பது அடிக்கும் வாட்டச் சரிவு போதாது. எந்தக் கொத்தன் அவசரத்தில் போட்டானோ, பைப் கிட்டத்தட்ட மட்டமாகவே கிடந்தது. வழியில் ஏதாவது நின்றால், முதலில் வாயைத் திறப்பது கீழ்வீட்டு க்ளோசெட்தான்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த மாதம் மனைவி தங்கபுஷ்பத்துக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை உள்ள உடம்பு. புண் ஆறும் வரை அழுக்குத் தண்ணீர் ஒரு துளிகூடப் பக்கத்தில் வரக்கூடாது, சீழ் பிடித்தால் வைத்த இரும்பையே திரும்ப எடுக்க வேண்டிவரும், அதை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

எனவே வெள்ளைத்துரை ஒரு நிபந்தனை போட்டார். ஒன்றே ஒன்றை முதலில் தன் வீட்டில் மாட்டிப் பார்ப்பது, அது தேறினால்தான் மற்ற மூன்று.

சோதனை ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. பச்சரிசி மாவைப் பிசைந்து கட்டைவிரல் தடிமனுக்குப் பிடி கொழுக்கட்டையாக எட்டு பிடித்து, ஆவியில் வேகவைக்காமல் தட்டில் அடுக்கி எடுத்துவந்தார். பேப்பரை நம்புகிறவன் மடையன் என்பது அவர் கட்சி. பிளம்பர் அப்துல் கய்யூம் கேட் அருகே சேம்பர் மூடியைத் திறந்துவைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சுப்பராமன் படியில் நின்று, பிள்ளையாருக்கு வைக்க வேண்டியதை இவர் எங்கே வைக்கிறார் பாருங்கோ என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

வெள்ளைத்துரை உள்ளே போட்டு அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து கய்யூம் குரல் கொடுத்தான்.

"வந்துக்கினே கீது அண்ணாச்சி. எட்டும் வந்துட்ச்சு."

இரண்டாவது தடவையும் எட்டும் வந்தது. வெள்ளைத்துரையின் ஆயுளில் அடுத்தவர் சாமானுக்கு நற்சாட்சி சொன்னது அன்றைக்குத்தான். இதையே வாங்குங்க, நான் பொறுப்பு என்றார்.

நாலு வீட்டிலும் மாட்டியாயிற்று. லாரி மூன்றிலிருந்து ஒன்றானது. சுப்பராமனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைத்துரை தங்கபுஷ்பத்தோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சுப்பராமன் மேல்வீடுகளின் குளியலறைத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயிலிருந்து பிரித்து, பக்கச் சந்தில் மணலும் ஜல்லியும் போட்ட குழியில் இறக்கிவிட்டார். குளித்த தண்ணீர் பூமிக்குப் போகும், போர் ஊறும். கீழ்வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீடு திரும்பிய நாலாம் நாள் சத்தம் கேட்டது.

காலை ஆறரை மணி. தங்கபுஷ்பம் வாக்கரைப் பிடித்தபடி கழிவறை வாசலில் நின்றாள். மேலே யாரோ ஃப்ளஷ் பண்ணினார்கள். கீழே க்ளோசெட்டுக்குள், தொண்டையில் சளி கட்டினவன் மூச்சுவிடுவதுபோல, கொளக் கொளக் என்றது. நீர்மட்டம் ஒரு விரற்கடை ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. இறங்கும்போது மண்நிறமாக இருந்தது.

வெள்ளைத்துரை அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். கய்யூமுக்குப் போன் போட்டார்.

அவன் வந்து சேம்பரைத் திறந்தான். உள்ளே காய்ந்து கிடந்தது. நாலு வீட்டுக் கழிவு வந்து விழ வேண்டிய இடத்தில் கரப்பான் ஓடியது. கம்பியை விட்டுக் குத்தினான். பதினைந்து அடியில் முட்டியது. அரை மணி நேரம் குத்தியதில் கொஞ்சம் வழிவிட்டது.

"இன்னா அண்ணாச்சி, மேல குளிக்கிற தண்ணிய சந்துப்பக்கம் திருப்பிக்கீறாங்களே, தெரியாதா? தள்ளுறதுக்குத் தண்ணி ஏது?"

வெள்ளைத்துரைக்குச் சோதனை நடந்த நாள் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை. மேலே மூன்று வீட்டிலும் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த வேளை அது. கொழுக்கட்டையைத் தள்ளியது நாலரை லிட்டர் அல்ல. க்ளோசெட் கழுத்தைத் தாண்டி நாலடி தள்ளிப்போட்டிருக்கும், அவ்வளவுதான். மிச்சம் முப்பத்தாறு அடியைத் தள்ளியது எண்ணெய்க் குளியல். எவனையும் நம்பாதவர் தன் கண்ணை நம்பிக் கெட்டார்.

எட்டே நாளில் திரும்பவும் அடைத்தது. இந்தத் தடவை கய்யூமின் கம்பி வளைந்துகொண்டு வந்தது. உள்ளே களிமண் மாதிரி இறுகிவிட்டது, மெஷின் வண்டிதான் வர வேண்டும், அது திங்கட்கிழமைக்கு முன்னால் கிடைக்காது என்றான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

வெள்ளைத்துரை முதல் மாடிக்கு ஏறினார். சுப்பராமன் வீட்டில் வசம்பும் சாம்பிராணியும் மணந்தது. மகள் நீரஜா பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து இருபது நாள். வெள்ளைத்துரை உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். குளியலறைத் தண்ணீரைப் பழைய குழாயிலேயே சேருங்கள், திங்கட்கிழமை வரைக்கும் காலையில் கொஞ்சம் அடக்கிப் புழங்குங்கள், என் வீட்டில் ரணத்தோடு ஒருத்தி கிடக்கிறாள்.

"எங்காத்துல நன்னாத்தானே போயிண்டிருக்கு, அண்ணாச்சி?" என்றார் சுப்பராமன். "கொழுக்கட்டை போட்டுக் காமிச்சு நான் பொறுப்புன்னு சொன்னது யாரு? நீங்கதானே. இப்போ குழியை மூடுன்னா மத்தவா என்ன சொல்லுவா? மீட்டிங்ல வைப்போம்."

"மீட்டிங்குக்குள்ள எனக்கு வீடு நாறிரும்."

"உங்களுக்கு எதுலயும் சந்தேகம்தான்" என்று சிரித்தார்.

வெள்ளைத்துரை இறங்கி வந்தார். கய்யூம் போகாமல் நின்றிருந்தான். ஒரு வேலை இருக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டு போய்க் கழிவறை மூலையைக் காட்டினார். அந்த இடத்தில் தரையைத் தட்டி, தன் க்ளோசெட் போய்ப் பெரிய குழாயில் சேரும் துண்டில் நாலு இஞ்சு வால்வு ஒன்றைப் போடச் சொன்னார். காலை ஐந்து மணிக்கு மூடிவிடுவது, எல்லோரும் போய் முடிந்து ஒன்பது மணிக்குத் திறப்பது. அதுவரை தங்கபுஷ்பத்துக்குப் படுக்கைத் தட்டு.

கய்யூம் உளியை எடுக்கவில்லை.

"நைனா, ரோசன பண்ணிக்கோ. உன் வாயை நீ மூடிக்கினா, அது எங்க போவும்? மேல ஏறும். அடுத்த வாய் மொத மாடிதான்."

"தெரியும்."

"பச்சப்புள்ள கீது அங்க."

"போடுவே."

போட்டான். கூலியைக் கையில் வாங்காமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டான்.

சனிக்கிழமை விடிந்தது. ஐந்து மணிக்கே வெள்ளைத்துரை வால்வின் திருகை முட்டும் வரை சுற்றியிருந்தார். கழிவறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். ஐந்தே முக்காலுக்கு மூன்றாம் மாடி. ஆறு மணிக்கு இரண்டாம் மாடி. ஒவ்வொரு தடவையும் சுவருக்குள் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. க்ளோசெட்டில் கொளக் என்ற சத்தம் இல்லை. நீர்மட்டம் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. எழுந்துபோய்க் குழாய் போகும் இடத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தார். முழங்கால் உயரத்தில் சில்லென்றது. அரை மணி கழித்து இடுப்பு உயரத்தில் சில்லென்றது.

கட்டிலிலிருந்து தங்கபுஷ்பம் கேட்டாள். "சத்தம் நின்னுட்டே. சரியாயிட்டா?"

அவர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளுக்கும் பைப் கடைக்காரரோடு நாற்பது வருஷம் குடித்தனம்.

"மேல ஏறுதா?"

"ம்."

"அந்தப் பிள்ளைய ஏழு மணிக்கு அந்த க்ளோசெட் பக்கத்துலதான் குளிப்பாட்டுதாவ. நீரஜாவுக்கும் வயித்துல தையல் போட்டிருக்கு. போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐம்பது. வெள்ளைத்துரை ஏறினார். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு படியிலும் சுருக்கிக்கொண்டே போனார். ஃப்ளஷ் பண்ணாதீங்க, குழந்தையைத் தூக்கிட்டு வெளியே வாங்க. இரண்டே வார்த்தை. மணியை அழுத்தினார்.

சுப்பராமன் தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு கதவைத் திறந்தார். வெள்ளைத்துரை வாயைத் திறக்கும் முன்னே முந்திக்கொண்டார்.

"இன்னிக்குக் கீழேருந்து ஒரு சத்தத்தையும் காணோமே? தானே சரியாப் போயிடும்னு நேக்குத் தெரியும். பைப் கடைன்னா பைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுடுமா என்ன? போய் நிம்மதியா காப்பி சாப்பிடுங்கோ."

உள்ளே வெந்நீர் விளாவும் சத்தம் கேட்டது. நீரஜா குழந்தையிடம் ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைத்துரை சுப்பராமனின் எண்ணெய் முகத்தையே பார்த்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. இவரிடம் நேற்றைக்குச் சொன்னோம், நின்றுகொண்டே சொன்னோம் என்று நினைத்தார்.

"அதான், சரியாயிட்டுன்னு சொல்ல வந்தேன்" என்றார்.

இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"சொல்லியாச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே ஃப்ளஷை அழுத்தினார்கள். தண்ணீர் இறங்கும் சத்தம் சுவருக்குள் முதல் மாடி வரை வந்து, அங்கேயே நின்றது.