தக்காளியை நிறுத்திய நாக்கு

மூன்றாவது சாஸ் கொப்பரைக்கும் "தள்ளுங்க" என்று நாக்கு மேடம் சொன்னதும், பாட்டில்கள் ஓடும் பட்டை கீச்சென்று நின்றது.

"இனிப்பு தூக்கல். வாயில வைக்க முடியல." கிண்ணத்தில் துப்பிவிட்டுக் கரண்டியை வைத்தாள்.

தக்காளி சாஸ் ருசி பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் தலையாட்டாமல் ஒரு சொட்டு பாட்டிலுக்குள் இறங்காது. முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் நாளாவட்டத்தில் முகத்துக்கு நேராகவே புழங்க ஆரம்பித்துவிட்டது.

லேப்காரர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், சர்க்கரை அளவு இம்மியும் மாறல. மீட்டர் பொய் சொல்லுமா?"

"அப்ப என் நாக்கு பொய் சொல்லுதா?"

அந்தக் கேள்விக்கு நடுவில்தான் மேனேஜர் நுழைந்தார். கத்தவில்லை. அவர் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம். கத்தாவிட்டால்தான் ஆபத்து. பக்கத்து அறைக்குப் போய் மூன்று வெள்ளைக் கோப்பைகளில் சாஸ் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"இதுல எது ரொம்ப மோசம்?"

வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துப் பார்த்தாள். நடுக்கோப்பையை நகர்த்தினாள். "இதுதான். சாஸா இது, பாகு!"

லேப்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அது நம்ம அளவுகோல் சாஸ்" என்றார் மேனேஜர். "இதுதான் சரியான ருசின்னு நீங்களே ருசி பார்த்து முத்திரை போட்டு, குளிர்பெட்டியில வெச்சது. அடுத்த வாரக் கடைசியில இன்னொரு தடவை பார்ப்போம். அன்னைக்கும் இப்படின்னா ருசி அறைக்கு வேற ஆள். உங்களுக்கு பேக்கிங்ல இடம் இருக்கு."

பேக்கிங் என்றால் மூடி இறுக்குகிற வேலை. நாள் முழுக்கத் திருகு, திருகு, திருகு. அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

எல்லாம் அந்தக் கைகளால் வந்த வினை. விரல் கணுக்கள் வீங்கி, காலையில் கோட்டுப் பொத்தான் போடக்கூட கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. அப்போதுதான் நாத்தனார் உள்ளே புகுந்தாள். மாக்ரோபயாட்டிக் சாப்பாடு என்று வாசல் அறையில் வகுப்பு நடத்துகிறவள். பழுப்பு அரிசி, பீன்ஸ், கேரட், கடல்பாசி, எள்ளும் உப்பும். சர்க்கரை கிடையாது. அதற்கும் மேலே, கத்தரிக் குடும்பம் மொத்தத்துக்கும் தடை: தக்காளி, உருளை, கத்தரி, குடைமிளகாய், மிளகாய். எல்லாம் சீனக் கணக்கில் குளிர்ச்சிக் குணமான 'யின்' மிஞ்சியதாம். மூட்டுக்கு ஆகவே ஆகாதாம்.

வேடிக்கை என்னவென்றால், அப்படியே சாப்பிட்டதில் வீக்கம் வடிந்தது. இப்போது ஈரத் துணியைக்கூடப் பிழிகிறாள். நாக்குதான் கைவிட்டுவிட்டது.

சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"தக்காளியை மறந்ததால நாக்கு மரத்துப் போச்சு. நான் திரும்பச் சாப்பிடப் போறேன்" என்றாள் அவள்.

"அண்ணி! விரல் போயிடும்!" நாத்தனார் பதறினாள்.

"தினமும் வேலையில தக்காளி வாயில படத்தானே செய்யுது? அப்படியும் விரல் சரியாச்சே?"

"அதைத்தான் துப்பிடறீங்களே. கணக்குல வராது."

கணவர் செய்தித்தாளை மடித்தார். அவருக்கு இந்தச் சாப்பாட்டின் மேல் தீராத கோபம். "ஏம்மா தங்கச்சி, உருளை ஆகாது. சர்க்கரைவள்ளி?"

"ஆகும். அது வேற குடும்பம்."

"மிளகாய் ஆகாது. மிளகு?"

"அதுவும் வேற குடும்பம்ணா."

"ஒரு சட்டியில ஒண்ணா வேகுதுங்க, சம்பந்திகூட இல்லையா!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ நேரா சொல்லு. எனக்கு ஆகுமா, ஆகாதா?"

நாத்தனார் கையிலிருந்த எள்ளுப் பொட்டலத்தைத் திருகினாள். "எங்க பழைய டீச்சர் தொடவே கூடாதுன்னாங்க. புது டீச்சர், உப்புப் போட்டு நல்லா வேகவெச்சா வெயில் காலத்துல எப்பவாவது சாப்பிடலாம்ங்கறார். இன்னொருத்தர் உடம்பைப் பொறுத்ததுன்னு..."

"மூணு பேருக்கு மூணு வாய். எனக்கு இருக்கறது ஒரே நாக்குடி!"

மறுநாளே தக்காளி அடுப்பேறியது. மூன்று வேளையும் தட்டு சிவந்தது. விரல்கள் சும்மா இருந்தன. அதில் அவளுக்கு ஒரு தைரியம். ஆனால் கடையில் வாங்கிவந்த சொந்தக் கம்பெனி சாஸை நக்கிப் பார்த்தால் அதே பாகு. நாக்கு ஒரு இம்மி நகரவில்லை.

குழப்பத்தோடு குழப்பமாக, கணவரின் காபியைத் தன்னுடையது என்று எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் அஷ்டகோணலானது. "இதுல எவ்வளவு சர்க்கரை கொட்டியிருக்கீங்க?"

"எப்பவும் போடறதுதான். நீயே முன்னாடி இதைவிட அதிகம் போட்டுக் குடிச்சவதானே?"

கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். நாக்கைக் கெடுத்தது தக்காளி இல்லாத குறையா, சர்க்கரை இல்லாத குறையா?

யோசிக்க நேரமில்லை. காபிக்குச் சர்க்கரை, ரொட்டிக்கு ஜாம் என்று இறங்கிவிட்டாள். நாத்தனார் வாசல் அறையிலிருந்து பார்த்த பார்வையில் தீயே இருந்தது. தக்காளியையும் விடவில்லை. எது வேலை செய்கிறது என்று தெரியாதபோது எதை விட?

தேர்வு நாள் விடியும்போதே மழை கொட்டியது. எழுந்தவள் விரல்களை மடக்கினாள். மடங்கவில்லை. கணவர்தான் பொத்தான் போட்டுவிட்டார். அவருமே அன்று கிண்டல் செய்யவில்லை.

மூன்று கோப்பைகள். மேனேஜர் கைகட்டி நின்றார். கரண்டியை விரலால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் வைத்து அணைத்துத் தூக்கினாள். முதல் கோப்பை புளிப்புத் தூக்கல். இரண்டாவதில் உப்பு குறைவு. மூன்றாவது நாக்கில் பட்டதும் தோள் தானாக இறங்கியது.

"இதுதான் அளவுகோல் சாஸ்."

லேப்காரர் கைதட்டியே விட்டார். மேனேஜர் ஒரு தலையசைப்போடு வெளியே போக, பட்டை ஓட ஆரம்பித்தது. நாற்காலி தப்பியது. அவள் மேஜைக்கடியில் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார் அந்தக் கைகளைத்தான் பார்த்தாள். "சொன்னேன்ல அண்ணி, தக்காளி!"

"தக்காளி தின்ன முதல் நாலஞ்சு நாள் ஒண்ணுமில்லையே?"

"உள்ள ஊறி மெதுவாத்தான் காட்டும்."

"ஏன், சர்க்கரையா இருக்கக் கூடாதா?" என்றார் கணவர்.

"இருக்கலாம்ணா."

"மழைக்குக்கூட விரல் பிடிச்சுக்கும்னு டாக்டர் சொன்னாரே?"

நாத்தனார் அண்ணியின் விரலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "நிஜமாவே எனக்கும் தெரியல அண்ணி" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அந்த வீட்டில் விழுந்ததே இல்லை. "ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்ப்போமா? அப்பதான் எதுன்னு பிடிபடும். முதல்ல எதை நிறுத்தலாம்?"

ஜன்னல் கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நாக்கு மேடம் மடங்காத விரலை அந்தப் பக்கம் நீட்டினாள்.

"முடிஞ்சா முதல்ல அதை நிறுத்து."