ஆட்டம் முடியாத ஊரில் அசனம்

பெல்சிட்டாவின் அடுப்படியில் தென்கரைக் கால்பந்து அணியின் லெஃப்ட் பேக் கிளாட்வின் நின்றுகொண்டிருந்தான். இறுதி ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஆகவே அவனை வெளியே போகச் சொல்ல வழியில்லை. அவள் மிக்ஸி பக்கம் போனால் சற்று நகர்ந்து கொடுப்பான். தேங்காய் அரைத்து முடித்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுவான்.

"டீ குடிக்கியாடே?" என்று கேட்டாள்.

"வேண்டாம்க்கா. வடகரை வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாதுன்னு கமிட்டில சொல்லியிருக்காவ."

"நான் தென்கரைக்காரிதானடே. உங்க தெருவுல பொறந்தவ."

கிளாட்வின் யோசித்தான். "டம்ளர் யாருது?"

"இந்த வீட்டுது."

"அப்ப வேண்டாம்க்கா."

கல்லாமுனை ஒரு கடற்கரை ஊர். கழிமுகம் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறது. வடக்கே இருப்பவர்கள் வடகரை, தெற்கே இருப்பவர்கள் தென்கரை. இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே கோயில், அடைக்கல மாதா கோயில். ஆனால் கால்பந்து அணி இரண்டு. வருசா வருசம் மாதா திருவிழாவை ஒட்டி இரண்டும் மோதும். அதில் மண்டை உடைவதும் சட்டை கிழிவதும் புதிதல்ல.

இந்த வருசம் யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரத்திலும் போடவில்லை. பெனால்டி உதைகள் எல்லாம் கோல்கீப்பர்களின் மேல் பட்டுத் திரும்பின. நடுவர் ஆட்டத்தை முடிக்க விசிலை வாயில் வைத்தபோது இரண்டு பக்கத்துக் கூட்டமும் அவர் மேல் விழுந்தது. விசில் தொண்டைக்குள் போய்விட்டது. நடுவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊதாத விசிலுக்கு ஆட்டம் முடியாது என்று இரண்டு கமிட்டியும் ஒப்புக்கொண்டன. அவை ஒப்புக்கொண்ட ஒரே விசயம் அதுதான்.

அதன்பின் ஆட்டம் மைதானத்தில் அடங்கவில்லை. மைதானம் சிறியதாக இருப்பதால்தான் கோல் விழவில்லை என்று தென்கரைக்காரர்கள் தங்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் நட்டார்கள். வடகரைக்காரர்கள் தங்களுடையதை பெல்சிட்டாவின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நட்டார்கள். அவள் புருசன் ரொசாரியோதான் வடகரைக்குக் கோல்கீப்பர்.

ரொசாரியோ வாசல்நிலைக்கு நடுவே இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றான். கைகளை இறக்க முடியாது. பந்து எந்த நேரமும் வரலாம். பெல்சிட்டா அவன் கக்கத்துக்கு அடியில் குனிந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நாற்றம் வர ஆரம்பித்திருந்தது.

"குளிச்சாத்தான் என்ன?" என்றாள்.

"குளிக்கும்போது கோல் விழுந்துட்டா?"

"பந்து எங்க இருக்கு இப்ப?"

"தெரியாது. அதான் பயமே."

அன்றைக்கு அசனம். திருவிழாவின் கடைசி நாள் கோயில் வளாகத்தில் ஊருக்கே சமைத்துப் போடும் விருந்து. மற்ற ஊர்களிலும் அசனம் உண்டு. கல்லாமுனையில் மட்டும் ஒரு முறை இருந்தது. வடகரையான் இலையில் தென்கரையான்தான் பரிமாற வேண்டும். தென்கரையான் இலையில் வடகரையான். அடித்துக்கொண்டவனும் வெட்டிக்கொண்டவனும் அன்றைக்கு எதிரியின் கையிலிருந்து சோறு வாங்கித் தின்றாக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மறுநாள் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெல்சிட்டா சின்னவளாக இருந்தபோது வடகரைப் படகு ஒன்று இருட்டில் அவள் அண்ணனின் வள்ளத்தில் மோதியது. அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த வருசம் தென்கரையில் வீட்டுக்கு வீடு அரிவாள் தீட்டினார்கள். அசனத்தன்று, மோதிய படகின் சொந்தக்காரர் சோற்று வாளியோடு வந்து அவள் அம்மாவின் இலைக்கு முன்னால் நின்றார். அவர் கை நடுங்கியது. சோறு இலையில் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்தது. அம்மா தரையில் விழுந்ததையும் எடுத்துத் தின்றாள். அரிவாள்கள் பரணுக்குப் போயின. அந்த மனிதரின் மகன்தான் ரொசாரியோ.

இவ்வளவும் தெரிந்ததால் பெல்சிட்டா அன்று காலை எழுந்ததும் ஒரு காரியம் சொன்னாள். "அசனத்தோட எல்லாம் சரியாப் போயிரும்."

"கண்டிப்பா," என்றான் ரொசாரியோ. "அங்க வச்சு அவனுவள முடிச்சிருவோம்."

அவள் தலைமுழுகி, நல்ல சேலை உடுத்தி, பரிமாறும் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கரை மாறிக் கட்டிக்கொடுத்த பெண்தான் முதல் இலைக்குப் பரிமாற வேண்டும். இந்த வருசம் அவள் முறை.

கோயில் தெருமுனையில், பாலத்தைத் தாண்டியதும் இருந்தது. ஆனால் தெரு நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கத்துக் கோல் கம்பங்களையும் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் நட்டதில் நடுவில் இருந்த எல்லாம் இழுபட்டிருந்தன. தபால் பெட்டிக்கும் அதன் நிழலுக்கும் நடுவே ஒரு சைக்கிள் கடை வந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த வீடுகள் அகலமாகி, உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தின் மேல் லைன்ஸ்மேன் சந்தியாகு கொடியை உயர்த்தினார்.

"நில்லும்மா. ஆஃப்சைடு."

"நான் கோயிலுக்குப் போறேன், மாமா."

"பந்துக்கு முன்னால நிக்க."

"பந்து எங்க?"

"அது உனக்குப் பின்னால இருக்கணும்."

"அது எங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

சந்தியாகு கொடியை இறக்கவில்லை. "நீ எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான்."

"அப்ப எந்தப் பக்கம் போனாலும் ஆஃப்சைடுதான்." அவர் அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போ. நான் பாக்கல."

கோயில் மணிக்கு நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். மணியின் வடக்குப் பாதி மட்டும் அடித்தது. தெற்குப் பாதி சும்மா இருந்தது. பிறகு தெற்குப் பாதி அடித்தது. மணி அடிப்பவர் வெறுத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்தார்.

வளாகத்தின் நடுவில் வார்ப்பு இருந்தது. நாலு பேர் கைகோத்துக்கொண்டு சுற்றி நின்றால்தான் அணைக்க முடியும், அவ்வளவு பெரிய வெண்கலப் பாத்திரம். உள்ளே கறிக்குழம்பு கொதித்தது. பெல்சிட்டாவின் அப்பா தொம்மை முக்காலி மேல் ஏறி நின்று துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். அசனக் குழம்பு அவர் பொறுப்பு. அவர் வைத்தால் பக்கத்து ஊர்க்காரன் வாசனை பிடித்துக்கொண்டு வருவான்.

அன்றைக்கு வந்த வாசனை வேறு. ஆடிக் களைத்த கால்களை ஓர் அறைக்குள் பூட்டி வைத்த மாதிரி இருந்தது. பெல்சிட்டா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா நாத்தம் இது?"

"ரெண்டு கமிட்டியும் வந்து போட்டுட்டுப் போனாவ," என்றார் தொம்மை.

"என்னத்த?"

அவர் துடுப்பை அடியில் விட்டுத் தூக்கினார். ஒரு சாக்ஸ் வந்தது. மறுபடி விட்டார். ஒரு பூட்ஸ் வந்தது. அதன் ஆணிகளுக்கு இடையில் புல்லும் மண்ணும் அப்படியே இருந்தன. குழம்பின் மேல் நுரை சிவப்பாகவும் நீலமாகவும் சாயம் கக்கிக்கொண்டிருந்தது.

"வடகரைக்காரனுவ திங்கட்டும்னு நம்ம பயலுவ அவிழ்த்துப் போட்டானுவ. அவனுவளுக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. நாம திங்கட்டும்னு அவனுவளும் போட்டுட்டானுவ." தொம்மை பூட்ஸைத் துடுப்பு நுனியால் அழுத்திப் பார்த்தார். "இது இன்னும் வேகல."

"கொட்டிருங்கப்பா."

"கொட்டுனா நாம பயந்துட்டோம்னு ஆவும்."

பெல்சிட்டா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கோபத்தில் இல்லை. வெட்கத்தில் இல்லை. சமையல் நேரத்தில் எப்போதும் இருக்கும் அதே கவனத்தோடு இருந்தார்.

பந்தி உட்கார்ந்தது. நடுவே சுண்ணாம்புக் கோடு. வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை. பங்குச்சாமி ஒலிபெருக்கியில் புது விதியை வாசித்தார். முதலில் எழுந்திரிக்கிற கரை தோற்ற கரை. வாசித்துவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் இலை ரொசாரியோவுடையது. அவனை வாசல்நிலையோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். விரித்த கைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் தலையைச் சாய்த்து அந்தக் கைகளுக்கு இடம் கொடுத்தார்கள்.

பெல்சிட்டா அப்பா நிரப்பிக் கொடுத்த குழம்பு வாளியோடு அவன் முன்னால் நின்றாள்.

"போடு," என்றான்.

"இதுல சாக்ஸ் கெடக்கு."

"யாரு சாக்ஸ்?"

"ரெண்டு பேரோடதும்."

ரொசாரியோ வாளிக்குள் எட்டிப் பார்த்தான். "அவனுவளோடத ஒதுக்கிட்டு நம்மளோடத மட்டும் போடு."

"ஒங்களுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? ஒங்கப்பா என்ன செஞ்சாருன்னு மறந்துட்டியளா? கை நடுங்க நின்னாரே, எங்கம்மா முன்னால?"

"அன்னைக்கு ஆட்டம் கெடையாதுல்லா," என்றான் ரொசாரியோ. பொறுமையாகத்தான் சொன்னான்.

அதற்குள் தொம்மை முக்காலியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "போடு மக்கா. நல்லா அள்ளிப் போடு. மாப்ள எந்திரிச்சிட்டாருன்னா நாம ஜெயிச்சோம்."

"போட மாட்டேன்."

"எந்தக் கரை சார்பா மாட்டேங்க?" என்று கேட்டார் சந்தியாகு. கொடி தயாராக இருந்தது.

"மனுசி சார்பா."

"அப்படி ஒரு கரை இல்லம்மா."

தொம்மை அவள் கையிலிருந்து வாளியை வாங்கினார். பிடுங்கவில்லை, மரியாதையாகத்தான் வாங்கினார். மருமகன் இலையில் இருந்த சோற்றைத் தட்டி, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றினார். சாக்ஸ் ஒன்று நீளமாக வழிந்து விழுந்தது. ரொசாரியோவுக்குக் கை ஒழிவில்லாததால் தொம்மையே உருட்டி வாயில் கொடுத்தார். ரொசாரியோ மென்றான். வெகுநேரம் மென்றான். விழுங்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு பெல்சிட்டாவைப் பார்த்துச் சிரித்தான். பல்லிடுக்கில் நீல நூல் தெரிந்தது.

"சமாளிச்சிருவேன்," என்றான்.

எல்லோரும் தின்றார்கள். பேராசிரியர் ஒருவர் பூட்ஸ் கயிற்றை நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சினார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பனியன் துண்டை முன்பல்லால் மென்மையாக்கிக் குழந்தைக்கு ஊட்டினாள். கிளாட்வின் வடகரைக் கேப்டனின் கையிலிருந்து, கெண்டைக்காலில் கட்டும் ஷின் பேடை வாங்கி அப்பளம் போல நொறுக்கினான். ஒருவர் கண்ணிலும் ருசி இல்லை. எல்லோரும் எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டு தின்றார்கள். குமட்டியவர்கள் வாயை இரண்டு கையாலும் பொத்தி உள்ளே தள்ளினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

பெல்சிட்டா கோயிலுக்குப் பின்னால் போனாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் வந்தது. முதலில் வெள்ளைச் சோறு. ஆவி பறந்தது. ஒரு பருக்கை சிதையவில்லை. அதன் மேல் கறிக்குழம்பு, மேலே எண்ணெய் மிதக்க. போன வருசத்து அசனம். கொஞ்சம் மூச்சு வாங்கியதும் அதற்கு முந்தின வருசத்தது வந்தது. அதில் கத்தரிக்காய் அதிகம். பிறகு அவள் கல்யாணமான வருசத்தது, முருங்கைக்காய் போட்டது. அவள் நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. அண்ணன் போன வருசத்தது வந்தபோது அவள் மணலில் முட்டி போட்டாள். சோறு அவள் முன்னால் ஒரு சின்ன மேடாகக் குவிந்தது. மல்லியும் பட்டையும் மணத்தன.

அந்த மணம் வளாகத்துக்குள் போனது.

மெல்லும் சத்தம் நின்றது. இரண்டு வரிசையும் எழுந்தன. யார் முதலில் எழுந்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கோயிலுக்குப் பின்னால் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். ரொசாரியோ கைகளை விரித்தபடி பக்கவாட்டில் நடந்து வந்தான். அவர்கள் முகங்கள் கொஞ்சம் தெளிந்திருந்தன. சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. வடகரைக்காரன் ஒருவன் தென்கரைக்காரன் தோளில் கைபோட்டிருந்தான். பெல்சிட்டா வாயைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ இளகியது.

சந்தியாகு சுண்ணாம்பு டப்பாவோடு வந்தார். சோற்று மேட்டின் நடுவே நேராக ஒரு கோடு போட்டார்.

தோளில் இருந்த கை இறங்கியது. வடகரை ஒரு பக்கம் உட்கார்ந்தது. தென்கரை மறுபக்கம் உட்கார்ந்தது. கழுவாத இலைகளையே எடுத்து வந்திருந்தார்கள்.

தொம்மை மகளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழம்பில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடித் தலையாட்டினார்.

"உப்பு சரியா இருக்கு," என்றார்.

பிறகு எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தார்.

"நம்ம பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் வருமா மக்கா?"

பெல்சிட்டா வாயை இறுக மூடிக்கொண்டாள்.